கணவனிடம் அடிபடும் பெண்ணுக்குத் துணை நிற்பது எப்படி? தமிழ்நாட்டில் கூடப் போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பக்கத்து வீட்டுப் பெண்ணோ, உடன் வேலை செய்பவரோ, சுய உதவிக் குழுவில் இருப்பவரோ, சொந்தத் தங்கையோ, கணவன் அடிக்கிறான் என்று ஒருநாள் உங்களிடம் சொல்லிவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி. வழக்கறிஞர்களையும் அதிகாரிகளையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. கூடப் போகிறவர்களுக்காக எழுதியிருக்கிறேன்.

புதிதாகத் துணைக்கு வருகிறவர்கள் நல்ல மனத்தோடு தவறான இடத்தில் தொடங்குவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். கேட்ட வேகத்தில் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே கணவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்புகிறார்கள். நாலு பேர் முன்னால் தலைகுனிந்த கோபத்தோடு அவன் வீட்டில் இருக்கிறான். அன்று இரவு அந்தப் பெண் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. புகார் கொடுத்ததில் தவறில்லை. இரவு தங்க இடம், கையில் ஆவணம், கொஞ்சம் பணம், பக்கத்தில் குழந்தை என்ற நான்கையும் உறுதிசெய்யாமல் கொடுத்ததுதான் தவறு.

ஒரே ஒரு விதிவிலக்கு. இந்த நிமிடமே அடி விழுந்துகொண்டிருந்தால், அல்லது அவன் கையில் அரிவாளோ பெட்ரோலோ இருந்தால், வரிசை எதுவும் வேண்டாம். 112-ஐ அழையுங்கள். தெரு, கதவு எண், குழந்தைகள் உள்ளே இருக்கிறார்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.

1. யாரும் உங்களைத் தேடி வருவதற்கு முன்பே

நான்கு எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும்: பெண்களுக்கான உதவி எண் 181, அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100. 181 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

உங்கள் மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் எங்கே உட்காருகிறார் என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இன்படி நியமிக்கப்படுபவர் அவர். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் தெரியும். 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் அப்படியே பார்த்து வையுங்கள். தொலைபேசி எண்கள் மாறும், பலகைகள் பழையதாக இருக்கும். இரவு பத்து மணிக்குக் குழந்தையோடு ஒரு பெண் உங்கள் வாசலில் நிற்கும்போது வழி தேடிக்கொண்டிருக்க முடியாது.

உங்களுக்கும் ஒரு துணை வேண்டும். ஒருவர் பெண்ணோடு உள்ளே இருக்க, இன்னொருவர் குழந்தையைப் பார்க்கவும், ஆட்டோ பிடிக்கவும், ஜெராக்ஸ் எடுக்கவும் தேவைப்படுவார். தனியாகப் போனவர்கள் முக்கியமான கேள்வி வரும் நேரத்தில் வெளியே ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

2. முதல் பேச்சு: கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள்

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வன்முறைக்கு உள்ளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் ஏறத்தாழ 14 சதவீதம்தான். அப்படியிருக்க ஒருவர் உங்களிடம் வாய் திறந்திருக்கிறார் என்றால், நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை வைத்துத்தான் அடுத்த வாக்கியத்தைச் சொல்லலாமா என்று அவர் முடிவு செய்வார்.

"நீ சொல்வதை நம்புகிறேன். அடிப்பது உன் தவறல்ல. இப்போது உனக்கு என்ன வேண்டும்?" இவ்வளவு போதும். "குடித்துவிட்டுத்தானே அடித்தான்", "குழந்தைகளுக்காகப் பொறுத்துக்கொள்", "நீ என்ன பேசினாய்?" போன்றவை கதவைச் சாத்திவிடும். "ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாய்?" என்ற கேள்வி அக்கறையில் பிறந்தாலும், கேட்பவருக்குக் குற்றச்சாட்டாகவே விழும். அவர் இருப்பதற்குக் காரணங்கள் இருக்கும்: வாடகை முன்பணம், மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு, திருமணமாகாத தங்கை, போகுமிடம் இல்லாமை, சில சமயம் அவன்மேல் இன்னும் இருக்கும் பிரியம். அந்தக் காரணங்கள் தெரிந்தால்தான் உங்களால் திட்டம் போட முடியும். ஆகவே அவற்றை மறுத்துப் பேசாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

அடியை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டை வைத்துக்கொள்வது, அம்மா வீட்டுக்குப் பேசவிடாதது, விருப்பமில்லாத உடலுறவு, சந்தேகப்பட்டுத் திட்டுவது ஆகிய எல்லாமே 2005 சட்டத்தின் மூன்றாம் பிரிவில் குடும்ப வன்முறைதான். பல பெண்களுக்கு இது தெரியாது. "அடிக்கவில்லையே, என்னவென்று சொல்வது?" என்று தயங்குவார்கள்.

இரண்டு கட்டுப்பாடுகள் உங்களுக்கு. அவர் அனுமதியில்லாமல் கணவனிடமோ மாமியாரிடமோ பேசாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் போகாதீர்கள். அவர் உங்களிடம் சொன்னார் என்பது அவன் காதில் விழும் நாளில் அடி கூடும். இரண்டாவது, முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒருவன் அவருக்காக எல்லா முடிவையும் எடுத்துக்கொண்டிருக்கிறான். அன்பு காரணமாகவேனும் இன்னொருவர் அதையே செய்யக் கூடாது.

3. ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லா வன்முறையும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. சில அறிகுறிகள் இருந்தால் வாரக்கணக்கில் திட்டம் போட நேரம் இருக்காது.

முதலில் கேட்க வேண்டியது: "கழுத்தை நெரித்திருக்கிறானா?" பெண்களாக இதைச் சொல்லமாட்டார்கள், "கழுத்தைப் பிடித்தான்" என்று லேசாகக் கடந்துபோவார்கள். கழுத்தை நெரித்தவன் பிறகு கொலைவரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. வெளியே தடமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மியிருப்பது, விழுங்கச் சிரமம், கண்ணில் சிவப்புப் புள்ளிகள், நினைவு தப்பியது, அந்த நேரத்தில் சிறுநீர் கழிந்தது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

அடுத்துக் கேளுங்கள்: கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறானா? மண்ணெண்ணெய், பெட்ரோல் எடுத்துவந்து காட்டினானா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா? வேலைக்குப் போகுமிடத்துக்கெல்லாம் பின்தொடர்கிறானா? தானும் செத்துக் குழந்தைகளையும் கொன்றுவிடுவேன் என்கிறானா? அண்மைக் காலத்தில் அடி கூடியிருக்கிறதா? பெண்ணிடமே "அவன் உன்னைக் கொன்றுவிடுவான் என்று நினைக்கிறாயா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் நம்புங்கள். இல்லை என்றால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள், ஏனென்றால் ஆபத்தைக் குறைத்துச் சொல்வது அவருக்குப் பழகிப்போயிருக்கும்.

பிரிந்து போகப் போகிறார் என்று அவனுக்குத் தெரியவரும் நேரமும், பிரிந்த முதல் சில மாதங்களும்தான் மிகுந்த ஆபத்தானவை. "போய்விடு" என்று சொல்வதற்கு முன் எப்படிப் போவது என்பதை முடித்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

4. போனைச் சரிபார்த்த பிறகே திட்டம் பேசுங்கள்

வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் அவனுடைய கணினி இருக்கிறதா? கூகுள் கணக்கின் கடவுச்சொல் அவனுக்குத் தெரியுமா? இருப்பிடம் பகிரப்படுகிறதா? தெரியாத செயலி எதாவது இருக்கிறதா? பாருங்கள், ஆனால் எதையும் உடனே நீக்காதீர்கள். திடீரென்று கண்காணிப்பு அறுந்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். வெளியேறும் நாளில் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை திட்டம் சம்பந்தமான பேச்செல்லாம் உங்கள் போனிலோ, வேலையிடத்துத் தோழியின் போனிலோ நடக்கட்டும்.

ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் யாருடைய கைபேசி எண் இணைந்திருக்கிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். பல வீடுகளில் அது கணவனுடைய எண். வெளியேறிய பிறகு எந்த ஓ.டி.பி. வந்தாலும் அவனிடம்தான் போகும். பணம் எடுக்க முடியாது, விண்ணப்பம் போட முடியாது, எங்கே இருக்கிறார் என்பதும் தெரிந்துபோகும். அவர் பெயரில் புது சிம் வாங்கி, வெளியேறிய உடனே ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள். வேறொரு வங்கியில் அவர் பெயரில் மட்டும் கணக்குத் தொடங்குவதும் அப்போதே நடக்கட்டும்.

மிரட்டும் குரல்பதிவு, செய்தி எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஆனால் அது பதிவான அசல் போனைப் பத்திரப்படுத்துவது அதைவிட முக்கியம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்கும்போது அசல் கருவியைப் பற்றிய சான்றிதழ் கேட்கப்படும்.

இருவருக்கும் ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். "இட்லி மாவு இருக்கிறதா?" என்று செய்தி வந்தால் 112-ஐ அழைக்க வேண்டும் என்று பொருள் என்பது போல, யார் பார்த்தாலும் சந்தேகம் வராத ஒன்று.

5. ஆவணங்கள், நகை, பணம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க முயல்வது புதியவர்கள் செய்யும் தவறு. பீரோ காலியானால் கண்டுபிடித்துவிடுவான். முதலில் ஒவ்வொன்றையும் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தன் போனிலிருந்து உடனே நீக்கிவிடட்டும். அசல்களைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவரலாம்.

வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், அவருடைய படிப்புச் சான்றிதழ்கள், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள். திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பத்திரிகை, தாலி கட்டும் படம், மண்டப ரசீது இவற்றைச் சேருங்கள். கணவனின் வருமானத்துக்கான எந்தத் தடயமும் விலைமதிப்பில்லாதது: சம்பளச் சீட்டு, கடை உரிமம், வண்டிப் பதிவுப் புத்தகத்தின் படம், நிலப் பட்டா எண். ஜீவனாம்சம் கேட்கும் நாளில் அவன் "எனக்கு வருமானமே இல்லை" என்பான். அன்று இந்தப் படங்கள் பேசும்.

நகைக்குத் தனிக் கவனம் வேண்டும். திருமணத்தில் போட்ட நகை, சீர்வரிசை, மொய்ப்பணத்தில் வாங்கிய பொருள் எல்லாவற்றையும் எழுதிப் பட்டியலிடுங்கள். கடை ரசீதும், நகை அணிந்திருக்கும் திருமணப் படங்களும் சான்றாகும். அடகில் இருந்தால் அடகுச் சீட்டின் படம் வேண்டும். 2005 சட்டத்தின் 19-ஆம் பிரிவில் அவருடைய சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி நடுவர், அதாவது மாஜிஸ்ட்ரேட், உத்தரவிட முடியும். ஆனால் என்னென்ன என்று சொல்லத் தெரிய வேண்டும். "ஐம்பது பவுன் இருக்கும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய மனுக்கள் குறுக்கு விசாரணையில் நிற்பதில்லை.

6. காயம் இருந்தால் மருத்துவமனை, காவல் நிலையத்துக்கு முன்

அரசு மருத்துவமனைக்கே போங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்று ஊழியர்கள் சொல்லும் பதிவேட்டில், காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதுவார்கள். அந்த ஒரு வரி பல ஆண்டுகளுக்குத் தொடரும்.

கணவனோ மாமியாரோ கூடவே நின்றால் அந்தப் பெண் "படியில் வழுக்கி விழுந்தேன்" என்பார். மருத்துவர் அதையே எழுதுவார். பிறகு என்ன புகார் கொடுத்தாலும் எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அந்த வரியைத்தான். எனவே உங்கள் வேலை, மருத்துவரோடு அவர் தனியாகப் பேச ஒரு சில நிமிடம் ஏற்பாடு செய்வது. செவிலியரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாலே பெரும்பாலும் நடக்கும். அந்த நிமிடங்களில் மூன்று செய்தி வர வேண்டும்: யார் அடித்தது, எதைக் கொண்டு அடித்தது, எப்போது. உடைக்குள் மறைந்திருக்கும் காயங்களையும் காட்டச் சொல்லுங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

காவல் நிலையத்தில் எழுதிவாங்கி வரும்படி சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் ஏற்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மருத்துவ உதவி தர வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று 2005 சட்டத்தின் ஏழாம் பிரிவு சொல்கிறது.

தீக்காயம் என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். "ஸ்டவ் வெடித்தது" என்று உறவினர்கள் முந்திக்கொண்டு சொல்வார்கள். அவருடைய வாக்குமூலத்தின்போது புகுந்த வீட்டார் எவரும் அறையில் இல்லாதபடி பணியிலுள்ள மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையை அவர்கள் பிடியில் விட்டிருந்தால், குழந்தைக்குப் பயந்தே அவர் மாற்றிச் சொல்லக்கூடும். குழந்தை பத்திரமாக உங்களோடு இருக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

7. வெளியேறும் நாளும் தங்குமிடமும்

எல்லாப் பெண்களும் வெளியேற விரும்புவதில்லை, வெளியேற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தன் வீட்டிலேயே இருந்துகொண்டு பாதுகாப்பு உத்தரவு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படி இருப்பவருக்கும் ஒரு திட்டம் தேவை: சண்டை வலுத்தால் சமையலறைக்குள்ளோ வெளியே போக வழியில்லாத அறைக்குள்ளோ போகக் கூடாது, வாசலுக்கு அருகில் நிற்க வேண்டும், சத்தம் கேட்டால் கதவைத் தட்டும்படி ஒரு பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும், நடுவில் புகுந்து அம்மாவைக் காப்பாற்ற வேண்டாம், ஓடிப்போய் இன்னாரிடம் சொல் என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வெளியேறுகிறார் என்றால், அவன் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரம் நல்லது. சண்டையின் நடுவில், இரவில், "நான் போகிறேன்" என்று அறிவித்துவிட்டுப் போவது மோசமான வழி. குழந்தைகளை முடிந்தவரை கூடவே அழைத்துவரச் சொல்லுங்கள். "முதலில் நான் போகிறேன், அப்புறம் கூட்டிக்கொள்கிறேன்" என்று விட்டுவந்தவர்கள், குழந்தையைப் பார்க்கவே மாதக்கணக்கில் நீதிமன்றம் ஏறுவதைக் கண்டிருக்கிறேன். பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழைக் கணவன் தடுப்பான் என்ற பயம் வேண்டாம்; எட்டாம் வகுப்புவரை அந்தச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

எங்கே தங்குவது? முதலில் நினைவுக்கு வருவது அம்மா வீடு. அவனும் முதலில் தேடுவது அங்கேதான். அடுத்தது உங்கள் வீடு. உங்கள் முகவரி அவனுக்குத் தெரியுமென்றால் அதுவும் சரிவராது, உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆபத்து. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாள்வரை தங்கலாம். அதன்பிறகு அரசு ஆதரவு பெறும் இல்லங்கள் இருக்கின்றன. அங்கே ஆண் குழந்தைக்கு வயது வரம்பு உண்டு என்பதால் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மகனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகச் சொன்னால் எந்தத் தாயும் திரும்பிப் போய்விடுவார். வேலை செய்யும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகளையும் விசாரிக்கலாம்.

போன பிறகு அவர் திரும்பி அவனிடமே போகலாம். ஒருமுறைக்கு மேலும் போகலாம். உங்களுக்கு மனம் வலிக்கும். ஆனாலும் "இனி என்னிடம் வராதே" என்று சொல்லிவிடாதீர்கள், கணவனுக்கு வேண்டியதும் அந்த வார்த்தைதான். குறிச்சொல்லும், உங்களிடம் உள்ள ஆவண நகல்களும் அப்படியே இருக்கட்டும்.

8. காவல் நிலையம்

இப்போதுதான் புகார். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. எந்த நிலையமும் எல்லைக்கு அப்பாற்பட்ட குற்றம் என்றாலும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும். அம்மா ஊரில் இருந்துகொண்டே கொடுக்கலாம்.

புகாரை வீட்டிலேயே, அமைதியாக, அவருடைய சொற்களில் எழுதி முடியுங்கள். கடைசியாக நடந்த சம்பவத்தில் தொடங்குங்கள்: தேதி, நேரம், இடம், எதைக் கொண்டு அடித்தான், மிரட்டிய வார்த்தைகள் அப்படியே, பார்த்தவர் யார், எந்த மருத்துவமனை, ஏ.ஆர். எண். பிறகு மிக மோசமான சம்பவம். பிறகு முதல்முறை நடந்தது. இடைப்பட்டதைச் சுருக்கமாக. தேதி நினைவில்லையென்றால் "ஆடிப்பெருக்குக்கு அடுத்த வாரம்", "மகன் முதல் வகுப்பு சேர்ந்த மாதம்" என்று எழுதுங்கள். கற்பனைத் தேதியைப் போடுவதைவிட அது நூறு மடங்கு பலமானது.

நிலைய வாசலில் எழுதிக்கொடுப்பவர்கள் வழக்கு பலமாக இருக்கட்டும் என்று நடக்காத வரதட்சணைக் கோரிக்கையையும், வெளியூரில் இருக்கும் நாத்தனார் பெயரையும் சேர்ப்பார்கள். விடாதீர்கள். ஒரு பொய் வரி மொத்த உண்மையையும் கீழே இழுத்துவிடும்.

2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் இருக்கின்றன. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கு மூன்று ஆண்டுவரை சிறை. துணை நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்தக் குற்றத்தில் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய, பாதிக்கப்பட்ட பெண்ணோ அவருடைய உறவினரோ தகவல் தர வேண்டும். தோழியாகிய நீங்கள் கையெழுத்திட்ட புகார் இதற்குப் போதாது. பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தர அந்தத் தடையில்லை; 2005 சட்டத்தின் நான்காம் பிரிவின்படி யாரும் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது.

நிலையத்தில் பெரும்பாலும் முதலில் தருவது சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது புகார் வாங்கியதற்கான அத்தாட்சி. முதல் தகவல் அறிக்கை வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கணவன் மனைவி தகராறுகளில் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை செய்ய லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது காலவரையற்றதல்ல. ரசீது வாங்கிய அன்றே "எப்போது மறுபடி வரட்டும்?" என்று தேதி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் நடுவரிடம் போகலாம்.

கைதைப் பற்றிய எதிர்பார்ப்பை முன்பே சரிசெய்யுங்கள். அர்னேஷ் குமார் வழக்கின் 2014 தீர்ப்புக்குப் பிறகு இத்தகைய வழக்கில் உடனே கைது செய்வது வழக்கமில்லை. அழைப்பாணை கொடுத்து விசாரிப்பார்கள். அதாவது புகார் கொடுத்த அன்று இரவு அவன் வெளியில்தான் இருப்பான். தங்குமிடம் புகாருக்கு முன்னால் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவார்கள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் உண்மையைப் பேச முடியாது. தனித்தனியாக விசாரிக்கும்படி கேளுங்கள். சமாதானக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "இது பொய்ப்புகார்", "தவறான புரிதலால் கொடுத்தேன்" போன்ற வரிகள் இருந்தால் கையெழுத்து வேண்டாம். அவர் சமாதானமாகப் போக விரும்பினால், நடந்த வன்முறையை அவன் ஒப்புக்கொள்ளும் வரியோடு எழுதி நகல் வாங்குங்கள்.

9. பாதுகாப்பு அலுவலரும் நீதிமன்றமும்

அவருக்கு உண்மையில் தேவைப்படுபவை அடி நிற்பது, வீடு, செலவுக்குப் பணம், குழந்தை. இந்த நான்கும் 2005 சட்டத்தில் ஒரே மனுவில் கிடைக்கும்: 18-ஆம் பிரிவில் பாதுகாப்பு, 19-இல் குடியிருப்பு, 20-இல் பண உதவி, 21-இல் குழந்தையின் தற்காலிகப் பராமரிப்பு. 22-இல் இழப்பீடும் கேட்கலாம். குற்றவழக்கு அவனைத் தண்டிக்கப் போராடும்; இந்த மனு அவர் வாழ வழி செய்யும். இரண்டையும் ஒருசேர நடத்தலாம், ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை தயாரிப்பார், மனு போடவும் உதவுவார். அந்த அறிக்கை இல்லாமலே நேரடியாக மனு போடவும் முடியும் என்று 2022-இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். "உன் கணவர் நல்ல சம்பளம் வாங்குகிறாரே" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மனுவை எங்கே போடுவது? அவர் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். வாரந்தோறும் கணவன் ஊருக்குப் பஸ் ஏற வேண்டாம்.

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இடைக்கால உத்தரவை. முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று 12-ஆம் பிரிவு சொன்னாலும், நடைமுறையில் பெரிதும் இழுபடுகிறது. அதனால்தான் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பிரமாணப் பத்திரத்தோடு கேட்டால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே நடுவர் இடைக்கால உத்தரவு போடலாம். வழக்கறிஞரிடம் "இடைக்கால மனு சேர்த்துத் தாக்கல் செய்தீர்களா?" என்று கேளுங்கள். அங்கே கழுத்து நெரிப்பும் ஏ.ஆர். எண்ணும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

"வீடு என் பெயரில் இருக்கிறது, வெளியே போ" என்று மாமியார் சொல்வது வழக்கம். கூட்டாக வாழ்ந்த வீடு கணவன் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் 2020-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அதே ஆண்டின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். ஐந்தாம் படியில் சேர்த்த படங்களை இப்போது எடுங்கள். அவருடைய பத்திரத்திலும் எதையும் மறைக்க வேண்டாம், தையல் வேலையில் வரும் சிறு வருமானம் உட்பட.

திருமணம் பதிவாகாமல், அல்லது திருமணமே இல்லாமல் சேர்ந்து வாழ்ந்திருந்தால், முதல் நாளே வழக்கறிஞரிடம் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். திருமணத்தை ஒத்த உறவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு நிபந்தனைகள் வகுத்திருக்கிறது. அவனுக்கு முன்பே மனைவி உண்டு என்பது பாதி வழக்கில் வெளிவந்தால் எல்லாம் குலையும்.

விசாரணை நாளில் உங்கள் வேலை எளியது: சீக்கிரம் போய், அவனும் அவன் ஆட்களும் நிற்காத பக்கத்தில் அவரை உட்காரவைப்பது, சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோவது, அடுத்த தேதியை எழுதிக்கொள்வது. பேசுவது அவர் வேலை, அவர் வழக்கறிஞரின் வேலை.

10. உத்தரவு கையில் வந்த பிறகு

உத்தரவின் நகலை நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும். அதை ஜெராக்ஸ் எடுத்து, அவர் தங்கியிருக்கும் பகுதிக் காவல் நிலையம், பிள்ளைகளின் பள்ளி, வேலையிடத்துக் காவலாளி மூவரிடமும் கொடுத்துவிடுங்கள். பள்ளியில் யார் அழைக்க வரலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். இது பிணையில் விட முடியாத குற்றம். "வாசலில் நின்று கத்திவிட்டுத்தானே போனான்" என்று முதல் மீறலை விட்டுவிட வேண்டாம். தேதி, நேரம், படம் எடுத்து அன்றே புகார் கொடுங்கள். முதல் மீறல் தண்டிக்கப்படாவிட்டால் அடுத்தது வாசலோடு நிற்காது.

உத்தரவு பாதகமாக வந்தால், அல்லது தொகை மிகவும் குறைவென்றால், அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் இருக்கிறது. தீர்ப்பு நாளிலேயே காலண்டரில் குறியுங்கள்.

பணம் தொடர்பான உத்தரவு தானாக நடக்காது. அவன் மாதச் சம்பளக்காரன் என்றால், சம்பளத்திலிருந்து பிடித்து நேரடியாக அவர் கணக்கிலோ நீதிமன்றத்திலோ செலுத்தும்படி முதலாளிக்கு உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களிடம் தொகை வராத மாதங்களைக் குறித்துவைத்து, நிலுவை பெருகுவதற்கு முன்பே வசூல் மனு போடுங்கள். குறிப்பாக, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின் இடத்தில் இப்போது இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் வாங்கிய ஜீவனாம்ச உத்தரவாக இருந்தால், ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது தர வேண்டியிருந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் பிடியாணை கேட்க முடியும். வங்கிப் புத்தகத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சிட்டு வாங்கி, வராத மாதங்களை அவரோடு சேர்ந்து குறியுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லையென்றால் அந்த வாரமே வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.